கேமரன் மலையில் எத்தனை எலி?

கேமரன் மலையின் பெயரைத் தாங்கிய எலி ஒன்று இருக்கிறது. பழுப்பு முதுகு, வெள்ளை வயிறு, உடம்பைவிட நீண்ட வால். 1940இல் சிங்கப்பூர் ராஃபிள்ஸ் அருங்காட்சியகத்தின் இயக்குநர் ஃபிரடெரிக் சேசன், இந்த வட்டாரப் பாலூட்டிகளின் பட்டியல் ஒன்றை வெளியிட்டார். அதில் இந்த எலிக்கு ‘கேமரோனி’ என்று பெயர் வைத்தார். ஆனால் தனி இனமாக அல்ல. போர்னியோவின் கினபாலு மலையிலிருந்து முன்பே அறியப்பட்ட ‘ராபிட்’ எலியின் ஒரு கிளையாகத்தான் சேர்த்தார்.

தோட்டத்து ஆள்களிடம் இதைச் சொன்னால், “எலின்னா எலிதானே, இதுல என்னப்பா சாதி?” என்பார்கள். அந்தக் காலத்தில் அப்படி விட்டுவிட முடியாததற்கு ஒரு காரணம் காய்ச்சல். உண்ணிக் காய்ச்சல் என்கிற ஸ்க்ரப் டைஃபஸ், புதரிலும் லாலாங் புல்லிலும் வேலை செய்தவர்களைத் தாக்கியது. கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1920களிலிருந்தே இதை ஆராய்ந்தது. அங்கே லூத்வெயிட்டும் சவூரும் செய்த ஆய்வுகள், மலாயாவின் நாட்டுப்புற டைஃபஸும் ஜப்பானின் சுட்சுகாமுஷிக் காய்ச்சலும் ஒன்றே என்று காட்டின. 1948இல் அதே கோலாலம்பூரில்தான் குளோரம்ஃபெனிக்கால் மருந்து இந்த நோய்க்குக் கேட்கும் என்பதும் தெரிந்தது. நோயைக் கடத்தும் நுண்ணிய உண்ணிகள் எலிகளின் மேல் ஒட்டி வாழ்பவை. வீட்டெலி ஒன்று, வயலெலி ஒன்று, காட்டெலி வேறொன்று. எந்தப் புதரில் எந்த எலி என்று தெரியாமல் ஆபத்து எங்கே என்று சொல்ல முடியாது.

அதுவரை எலிகளைப் பிரிக்க இருந்த அளவுகோல்கள் மயிரின் நிறம், வாலின் நீளம், மண்டையோடு, பல். இவை ஏமாற்றக்கூடியவை. ஒரே மாதிரி காட்டில் வாழும் இரண்டு இனங்கள் ஒரே மாதிரி ஆகிவிடலாம். ஒரே இனம் மலை உச்சியில் ஒரு நிறமும் அடிவாரத்தில் இன்னொரு நிறமும் காட்டலாம்.

1969இல் யோங் ஹோய் சென் மலாயா எலிகளின் குரோமோசோம்களை எண்ணி வெளியிட்டார். முதுகில் முள் போன்ற மயிர் கொண்ட இரண்டு செம்பழுப்புக் காட்டெலிகள் உண்டு. ஒன்று ‘ராஜா’, மற்றது ‘சுரிஃபர்’. பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் குழப்பும். ராஜாவுக்கு 36 குரோமோசோம், சுரிஃபருக்கு 52! பெற்றோருக்கிடையே இவ்வளவு வித்தியாசம் இருந்தால் குட்டியின் உடலில் விந்தோ கருமுட்டையோ சரியாக உருவாவது கடினம். வெளியே இரட்டையர், உள்ளே இரண்டு குடும்பம்.

இந்த எண்ணிக்கையில் நம் கதையும் கொஞ்சம் கலந்திருக்கிறது. ஜப்பானிய மரபியலாளர் தோஷிஹிடே யோஷிடா ஆசியா முழுவதிலுமிருந்து கருப்பெலிகளைச் சேர்த்துப் பார்த்தார். கிழக்கு ஆசியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் 42. இலங்கையில் 40. இந்தியாவில் 38, ஐரோப்பாவுக்குக் கப்பலேறிய எலியிலும் அதே 38. இரண்டு இணை குரோமோசோம்கள் ஒட்டிக்கொண்டதால் 42, 40 ஆனது. இன்னொரு முறை ஒட்டியபோது 38 ஆனது. இந்த மாற்றம் தென்னிந்தியப் பகுதியில் நடந்திருக்க வேண்டும் என்றார் யோஷிடா. மலாயாவின் சாதாரண வீட்டெலிக்கு 42. நம் தாத்தா பாட்டிகள் நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி வந்தார்கள். அவர்கள் ஊர் எலியும் கப்பலில் ஏறாமலா இருந்திருக்கும்? ஆனால் லயத்துக் கூரையில் ஓடுவது அதன் வம்சமாக இல்லை. இந்த மண்ணில் ஏற்கெனவே இருந்த ஆசிய வகைதான் லயத்தையும் வீடாக்கிக்கொண்டது.

பிறகு டிஎன்ஏ வந்தது. 2011இல் கென் ஆப்லினும் கூட்டாளிகளும் கருப்பெலிகளின் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவைப் படித்து, ஒரே பெயருக்குள் பல கிளைகள் இருப்பதைக் காட்டினார்கள். மனிதனோடு குடிவரும் பழக்கம் ஒரே இடத்தில் தொடங்கவில்லை, பல இடங்களில் தனித்தனியாகத் தொடங்கியது என்பது அவர்கள் முடிவு. ஆனால் மைட்டோகாண்ட்ரியா தாய்வழியாக மட்டுமே வருவது. 2013இல் இன்னொரு குழு தென்கிழக்கு ஆசிய எலிகளின் உட்கரு மரபணுக்களைப் பார்த்தபோது, தாய்வழியில் தனித்தனியாகத் தெரிந்த இரண்டு கிளைகள் அங்கே பிரியவில்லை. இரண்டும் கலந்து குட்டி போட்டிருக்கின்றன. அம்மா வீட்டுக் கதையை மட்டும் கேட்டால் குடும்பத்தின் வரலாறு முழுசாகக் கிடைக்காது.

எனக்கு இது வெறும் அறிவியல் ஆர்வமாகப் படவில்லை. கேமரோனிக்கே திரும்புவோம். ‘ராபிட்டின் ஒரு கிளை’ என்று இருந்தவரை அது அழிந்தால்கூட கணக்கில் பெரிதாக ஒன்றும் குறையாது. போர்னியோவில்தான் சொந்தக்காரன் இருக்கிறானே. 2005இல் வெளியான உலகப் பாலூட்டிகளின் பட்டியல் அதைத் தனி இனமாக ஏற்றது. அப்போது கணக்கு மாறியது. உலகத்தில் இந்த மலைத்தொடரைத் தவிர வேறு எங்கும் இல்லாத எலி அது. இப்போது செம்பட்டியலில் அழியும் அபாயத்தில் உள்ள இனங்களில் ஒன்று.

1929இல் போ தோட்டம் தொடங்கியபோது காட்டை வெட்டித்தான் தேயிலை நட்டார்கள். வெட்டியதும் நட்டதும் நம் ஆள்கள். அதன் பிறகு காய்கறித் தோட்டமும் நெகிழிக் கூரையும் சாலையும் ஹோட்டலும் மேலே மேலே ஏறிக்கொண்டிருக்கின்றன. கேமரோனிக்கு வேண்டியதோ மேட்டு மலைக்காடு. லயத்துக்கு மாறிக்கொள்ள அது வீட்டெலி இல்லை. காடு போனால் இன்னும் உயரே போக வேண்டும். பிரிஞ்சாங் மலையின் உயரம் சுமார் 2,000 மீட்டர். அதற்கு மேல் ஏற இடமில்லை.

மலையில் எத்தனை எலி என்ற கேள்விக்கு “எலிதானே” என்று பதில் சொல்பவர் ஒன்று என்று எண்ணுகிறார். ஒன்று என்று எண்ணினால், லயத்துக் கூரையில் ஒன்று ஓடும் வரை நமக்கு எதுவும் தொலைந்ததாகவே தெரியாது.