நெருப்புக்காய்ச்சலும் மருந்துக்கு அடங்காத கிருமியும்: ஒரு வரலாற்று நோக்கு

கண்டியிலிருந்து மகியங்கனைக்குச் செல்லும் பெருந்தெருவில், நக்கிள்ஸ் மலைத்தொடரின் சாரலில் அமைந்துள்ளது ஹுன்னஸ்கிரிய. இத்தகைய மலையூரில் ஒருவருக்கு நெருப்புக்காய்ச்சல் கண்டால், அவரது இரத்தத்திலுள்ள கிருமியை ஆய்வுகூடத்தில் வளர்த்து, அது எம்மருந்துக்குக் கட்டுப்படும் என அறியச் சில நாள்கள் செல்லும். மருத்துவர் அதுவரை காத்திருத்தல் இயலாது. முன்னைய நோயாளரிடம் கிடைத்த கிருமிகளைப் பற்றிய அறிவைக் கொண்டே அவர் மருந்தைத் தெரிவுசெய்வார். ஆகவே, ஆண்டுதோறும் கிருமிகளைச் சோதித்துக் குறித்துவைக்கும் நுண்ணுயிரியலாளரின் உழைப்பு, அவர் ஒருபோதும் காணாத நோயாளியின் உயிரோடு தொடர்புடையதாகின்றது. அவ்வுழைப்பின் வரலாற்றில் ஒரு கட்டத்தையும், அது நமக்கு உணர்த்தும் உண்மையையும் ஈண்டு நோக்குவோம்.

நுண்ணுயிர்க்கொல்லிகள் தோன்றுமுன் நெருப்புக்காய்ச்சல் கண்டோருள் நூற்றுக்குப் பத்துப்பேரளவில், சிலவிடங்களில் அதற்கும் மேலாக, இறந்தனர். 1948இல் கோலாலம்பூரில் தியடோர் வூட்வேட் முதலிய அமெரிக்க மருத்துவர்கள், உண்ணிக்காய்ச்சலுக்குக் குளோரம்பெனிக்கோல் என்னும் புதுமருந்தைக் கொடுத்துச் சோதித்துக்கொண்டிருந்தனர். அம்மருந்தைப் பெற்றோருட் சிலருக்கு இருந்தது உண்மையில் நெருப்புக்காய்ச்சலே எனப் பின்னர் தெரியவந்தது. அவர்களும் குணமடைந்தனர். தற்செயலாய்க் கிட்டிய இவ்வுண்மையின் பயனாக, விலை மலிந்ததும் வாயால் உட்கொள்ளத்தக்கதுமான அம்மருந்து ஏறத்தாழக் கால் நூற்றாண்டு காலம் இந்நோய்க்குரிய முதன்மை மருந்தாய் விளங்கியது.

இந்நிலை நீடிக்காது என்பதற்கு அறிகுறி யப்பானிலிருந்து வந்தது. வயிற்றுளைவுக் கிருமிகள் பல மருந்துகளை ஒருங்கே எதிர்ப்பதையும், அவ்வெதிர்ப்பாற்றல் ஒரு கிருமியிலிருந்து வேறோரினக் கிருமிக்குக் கடத்தப்படுவதையும் ஒச்சியாய், அக்கிபா முதலிய ஆய்வாளர்கள் 1959ஆம் ஆண்டளவில் எடுத்துக்காட்டினர். எதிர்ப்பாற்றல் தாயிடமிருந்து சேய்க்கு மட்டும் செல்லும் உடைமையன்று; அயலாருக்கும் கைமாறும் உடைமை என்பது அதனாற் புலனாயிற்று.

1972இல் மெக்சிக்கோவில் குளோரம்பெனிக்கோலுக்கு அடங்காத நெருப்புக்காய்ச்சல் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரைப் பீடித்தது. அதே ஆண்டில் கேரளத்துக் கோழிக்கோட்டிலும் அத்தகைய கிருமி தலைகாட்டியது. அங்கு 1957இல் தொடங்கப்பட்ட மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த சி. கே. ஜெயராம் பணிக்கரும் கே. என். விமலாவும் அதனை ஆராய்ந்து, எதிர்ப்பாற்றல் பிற கிருமிகளுக்குக் கடத்தப்படக்கூடியது என்பதை 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர். இவ்வகைச் சோதனையின் அடிப்படை எளியது. மருந்துக்கு அடங்கும் கிருமியையும் அடங்காத கிருமியையும் சேர்த்து வளர்த்து, முன்னது பின்னர் அம்மருந்திலும் வளர்கின்றதா எனப் பார்ப்பதே அது. பெருநகர் சாராத புதியதொரு கல்லூரியின் ஆய்வுகூடம், பொறுமையும் ஒழுங்கும் இருப்பின், உலகுக்கே எச்சரிக்கை விடுக்க இயலும் என்பதை அச்செயல் மெய்ப்பித்தது. பணிக்கர் ஆர். அனந்தநாராயணனுடன் இணைந்து எழுதி 1978இல் வெளிவந்த நுண்ணுயிரியற் பாடநூல், பல தலைமுறை மருத்துவ மாணவர்களை இத்துறையிற் பயிற்றியது.

எச்சரிக்கை கிடைத்தும் கதை மாறவில்லை. 1980களின் இறுதியில் குளோரம்பெனிக்கோல், அம்பிசிலின், கோ-றைமொக்சசோல் ஆகிய மூன்றையும் எதிர்க்கும் கிருமி தென்னாசியாவிற் பரவியது. அடுத்து வந்த சிப்புரோபுளொக்சசினும் வலுவிழந்தது. 2016இல் பாக்கிஸ்தானின் சிந்து மாகாணத்தில் செஃப்ரியாக்சோனையும் எதிர்க்கும் கிருமி தோன்றியது. எனினும் ஒன்று குறிப்பிடத்தக்கது. பழைய மருந்துகளின் பயன்பாடு குறைந்த பின்னர், அவற்றுக்கு அடங்கும் கிருமிகள் பலவிடங்களில் மீண்டும் பெருகியுள்ளன. மருந்தை எவ்வாறு வழங்குகின்றோம் என்பதே கிருமியின் போக்கினைப் பெரிதும் தீர்மானிக்கின்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

மருந்து வழங்கல் பற்றிய வினாவை நம் நாட்டில் ஆழமாக எழுப்பியவர் பேராதனை மருத்துவ பீடத்திலும் பணியாற்றிய மருந்தியற் பேராசிரியர் சேனக்க பிபிலே ஆவார். எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் சேர்ந்து அவர் 1971இல் அளித்த அறிக்கையின் வழியே அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றியது. தேவையற்ற மருந்துகளை நீக்குதல், வணிகப் பெயருக்குப் பதிலாகப் பொதுப்பெயரை வழங்குதல், இறக்குமதியை ஒருங்குபடுத்தல் என்பன அதன் கொள்கைகள். செலவைக் குறைத்தலும் முறையான மருத்துவத்தை வளர்த்தலுமே அவற்றின் முதன்மை நோக்கமாயினும், தேவைக்கு மிஞ்சி விற்பனை செய்யும் வணிகத்துக்கு இடப்பட்ட தடை, கிருமிக்கு வழிவிடாத தடையுமாகும். 1977இல் பிபிலே கயானாவிற் காலமானார். அவ்வாண்டுக்குப் பின் வந்த திறந்த பொருளாதாரத்தில் அக்கொள்கை தளர்வுற்றது. தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைக்கான சட்டம் 2015இலேயே நிறைவேறியது.

பணிக்கரின் ஆய்வையும் பிபிலேயின் கொள்கையையும் ஒன்றாக நோக்குமிடத்து ஓர் உண்மை புலப்படும். எச்சரிக்கும் ஆய்வுகூடமும் அதற்குச் செவிசாய்க்கும் மருந்துக் கொள்கையும் ஒன்றையொன்று வேண்டி நிற்பன. ஆயினும் இவ்விரண்டும் சேர்ந்தும் போதா. நெருப்புக்காய்ச்சல் மலங்கலந்த நீராலும் உணவாலும் பரவுவது. பலர் ஒரே பீலியையும் ஒரே கழிப்பிடத்தையும் நம்பியிருக்கும் தோட்ட லயங்களில் தூயநீர் கிட்டும்வரை, புதுமருந்துக்கும் கிருமிக்கும் இடையிலான போட்டி தொடர்ந்துகொண்டே இருக்கும். அப்போட்டியின் இழப்பை ஏற்போர் மருந்தை விற்போர் அல்லர். தோட்டத் தொழிலாளரும் அவர்தம் பிள்ளைகளுமே. ஹுன்னஸ்கிரிய போன்ற மலையூர்களின் நோயாளி பற்றி நாம் பேசுமிடத்து, ஆய்வுகூடத்தின் குறிப்பேட்டையும் மருந்துக்கடையின் பற்றுச்சீட்டையும் குடிநீர்ப் பீலியையும் ஒருங்கே வைத்துப் பேசுதல் வேண்டும்.