தடித்த கோடும் மெல்லிய கோடும்

கேமரன் மலையில் பனிமூட்டம் இறங்கிய காலை வேளையில், சாலையோர அறிவிப்புப் பலகையை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அருகே நின்றால் எழுத்து முழுவதும் தெரியும். சற்று விலகினால் தடித்த கோடுகள் மட்டும் நிற்கும். மெல்லிய கோடுகள் பனியில் கரைந்துவிடும். ஓர் எழுத்துக்குள்ளேயே தடிப்பும் மெலிவும் எப்படி வந்தன? அவை எங்கே உதவும், எங்கே உதவா? இதுவே இன்றைய பேச்சு.

நம் முன்னோர் பனை ஓலையில் எழுத்தாணியால் கீறி எழுதினார்கள். கூரிய முனை கீறுவதால் கோடுகள் ஏறக்குறைய ஒரே பருமனாக இருந்தன. ஓலை கிழியுமென்று பெரும்பாலும் புள்ளி வைப்பதில்லை. ரகரத்துக்கும் துணைக்காலுக்கும் வடிவில் வேறுபாடில்லை. எகர ஏகாரக் குறிகளும் ஒன்றாகவே இருந்தன. 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர்தாம் அவற்றைப் பிரித்துக் காட்டினார்.

பிறகு அச்சு வந்தது. 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் 16 பக்க நூல் தமிழ் எழுத்தில் அச்சாயிற்று. 1713இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் செய்த தமிழ் எழுத்துகள் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தன. அவை அளவில் பெரியவை. தாள் அதிகம் செலவாயிற்று. ஆகவே சிறிய எழுத்துகளை அங்கேயே வார்த்தார்கள். உலோகத்தில் வெட்டும்போது, ஒரு கோட்டைத் தடிப்பாகவும் மறு கோட்டை மெலிவாகவும் அமைக்க முடிந்தது. இப்படி அச்சுத் தமிழுக்குப் புதிய அழகு கிடைத்தது.

ஆங்கில எழுத்தின் கதை வேறு. பட்டை முனைப் பேனாவால் எழுதியதால் அதில் தடிப்பும் மெலிவும் முன்பே இருந்தன. கோடுகளின் முனையில் சிறு குறுங்கோடுகளும் உண்டு. அவற்றைச் 'செரிஃப்' என்பார்கள். அவை இல்லாத எழுத்து 'சான்ஸ் செரிஃப்'. இவ்வகையில் கோடுகள் பெரும்பாலும் ஒரே பருமனாக இருக்கும். ஆனால் செரிஃப் இல்லாமலே தடிப்பும் மெலிவும் கொண்ட எழுத்துகளும் உண்டு. 1937இல் பாரிஸில் வெளிவந்த 'பெய்ஞோ' அத்தகையது. அதில் வேறுபாடு மிக அதிகம். தலைப்புக்கும் விளம்பரத்துக்கும் பொருந்தும், நீண்ட வாசிப்புக்குப் பொருந்தாது.

ஹெர்மன் சாப் என்னும் ஜெர்மானியக் கலைஞர் 1950இல் இத்தாலியின் புளோரன்ஸ் நகரத் தேவாலயம் ஒன்றுக்குச் சென்றார். அங்கே பழைய கல்லறைக் கற்களில் செரிஃப் இல்லாத, மென்மையான தடிப்பும் மெலிவும் கொண்ட எழுத்துகளைக் கண்டார். கையில் தாள் இல்லை. ஆயிரம் லிரா பணத்தாளிலேயே வரைந்துகொண்டார். அந்த எழுத்து 1958இல் 'ஆப்டிமா' என்ற பெயரில் வெளிவந்தது. 1982இல் வாஷிங்டனில் எழுந்த வியட்நாம் போர் நினைவுச் சுவரில் மாண்டோர் பெயர்களைப் பொறித்தது இதே எழுத்தில்தான். இன்று அந்தக் கருங்கல்லில் 58,000க்கு மேற்பட்ட பெயர்கள் உள்ளன. உறவினர் வந்து, பெயரை விரலால் தடவிப் பார்க்கிறார்கள்.

தமிழ் எழுத்துக்குச் செரிஃப் மரபு இல்லை. அதனால்தான் இன்று கணினியில் 'நோட்டோ செரிஃப் தமிழ்' என்று வழங்கும் எழுத்து, 'நோட்டோ சான்ஸ் தமிழ்' எழுத்திலிருந்து முதன்மையாகத் தடிப்பு மெலிவாலேயே வேறுபடுகிறது. நம் நாட்டவரான முத்து நெடுமாறன் 1985இல் முரசு மென்பொருளைத் தொடங்கினார். அவர் உருவாக்கிய இணைமதி எழுத்து ஆப்பிள் கணினிகளிலும் இடம் பெற்றது. எழுத்தின் தோற்றத்தைத் தேர்ந்துகொள்ளும் வசதி இன்று நம் கையில் இருக்கிறது.

அந்த வசதியை நாங்களே ஒருமுறை தவறாகப் பயன்படுத்தினோம். பெற்றோருக்கு ஓர் அறிக்கை தயாரித்தோம். அழகுக்காகத் தடிப்பும் மெலிவுமான எழுத்தைச் சிறிய அளவில் வைத்து, நகலை மீண்டும் நகலெடுத்தோம். மெல்லிய கோடுகள் அறுந்தன; புள்ளிகள் மறைந்தன. 'கண்' என்பது 'கண' ஆயிற்று, ரகரம் துணைக்காலாயிற்று. முதியோர் வகுப்பில் எழுத்துக் கற்ற பாட்டி ஒருவர் அந்தத் தாளோடு வந்தார். "எனக்குப் படிப்பு மறந்துபோச்சுங்கய்யா" என்றார். அவர் எதையும் மறக்கவில்லை. எழுத்தைக் கெடுத்தவர்கள் நாங்கள். வேறு எழுத்தில் பெரிதாக அச்சடித்துக் கொடுத்தோம். கடைசி வரி வரை தாமே படித்தார்.

ஆகவே, கோயில் அழைப்பிதழின் தலைப்புக்கும், நினைவுக் கல்லில் பெரிதாகப் பொறிக்கும் பெயருக்கும் தடிப்பு மெலிவு எழுத்து அழகு சேர்க்கும். நகல் தாள், மருந்து விவரம், தெளிப்பு மருந்து எச்சரிக்கை, தூரத்துப் பலகை ஆகியவற்றுக்கு ஒரே பருமனான எழுத்தே வேண்டும். இனி ஒரு தாள் படிக்க முடியாவிட்டால், முதலில் உங்களைக் குறை சொல்லிக்கொள்ளாதீர்கள். "தெளிவாக அச்சிட்டுத் தாருங்கள்" என்று கேளுங்கள். அப்படிக் கேட்பது உங்கள் உரிமை.