துப்பாக்கிப் பயிற்றுநரும் விசைவிரல் ஒழுங்கும்

துப்பாக்கியைச் சுடத் தீர்மானிக்கும் கணம்வரை ஆட்காட்டி விரலை விசையின்மேல் வைக்காமல், விசைக்காப்பு வளையத்துக்கு வெளியே நீட்டி வைத்திருக்கும் பழக்கமே விசைவிரல் ஒழுங்கு. இன்று உலகெங்கும் தற்காப்புத் துப்பாக்கிப் பயிற்சியின் முதல் பாடங்களுள் ஒன்றாக இது கற்பிக்கப்படுகிறது. ஆயினும் துப்பாக்கியின் நீண்ட வரலாற்றில் இது பிற்காலத்தில் வந்த விதி. அதற்கு முன் சிப்பாயின் விரலைக் கட்டுப்படுத்தியது பயிற்றுநரின் கட்டளை. விரலும் கட்டளையும் கடந்துவந்த வழியைக் காஞ்சிபுரம் வட்டாரத்திலிருந்தே தொடங்கிப் பார்க்கலாம்.

காஞ்சிச் சாலையும் கர்நாடகப் போர்களும்

காஞ்சிபுரத்துக்கு மேற்கே, இன்றைய பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டி, பெரிய ஏரியும் வராகீசுவரர் கோயிலும் கொண்ட ஊர் தாமல். காஞ்சியையும் ஆற்காட்டையும் இணைக்கும் இப்பகுதி 18ஆம் நூற்றாண்டில் படைகள் ஓயாமல் நடந்த நிலம். 1751இல் இராபர்ட் கிளைவ் சுமார் 200 ஐரோப்பியரையும் 300 சிப்பாய்களையும் அழைத்துக்கொண்டு காஞ்சி வழியாக ஆற்காட்டுக்குச் சென்று கோட்டையைக் கைப்பற்றினார். 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிக்கு அருகிலுள்ள புள்ளலூரில் ஐதர் அலி, திப்பு சுல்தான் படைகள் கர்னல் வில்லியம் பெய்லியின் ஆங்கிலேயப் படையை முறியடித்தன. போரின் நடுவே ஆங்கிலேயரின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறியது தோல்விக்கு ஒரு முக்கியக் காரணம். அவ்வட்டாரப் போர்களில் இறந்த ஆங்கிலேய அதிகாரிகளின் நினைவுத் தூண்கள் இன்றும் அவ்வூரில் நிற்கின்றன.

இப்போர்களில் ஈடுபட்ட தமிழகச் சிப்பாய்களுக்கு ஐரோப்பிய முறைப் பயிற்சியைத் தொடங்கியவர்களுள் முதன்மையானவர் மேஜர் ஸ்டிரிங்கர் லாரன்ஸ். 1748இல் கடலூர் புனித டேவிட் கோட்டைக்கு வந்த இவர் கும்பினிப் படைக்கு ஒழுங்கான அமைப்பைக் கொடுத்தார். மருதநாயகம் எனப்படும் யூசுப்கான் கும்பினிச் சிப்பாய்களின் தளபதியாக உயர்ந்ததும் இவருடைய காலத்தில்தான்.

கட்டளையே காப்பு

முற்காலத் திரித்துப்பாக்கியில் எரியும் திரியும் வெடிமருந்தும் ஒரே ஆளின் கைகளில் இருந்தன. ஒரு பொறி தவறினால் பக்கத்தில் நிற்பவரும் சேர்ந்து எரிய நேரிடும். ஆகவே 1607இல் நெதர்லாந்தில் யாக்கோபு டி கெய்ன் வெளியிட்ட பயிற்சிப் படநூல் ஒவ்வோர் அசைவையும் தனித்தனிப் படமாகவும் தனித்தனிக் கட்டளையாகவும் பிரித்துக் காட்டியது.

பின்னர் வந்த சக்கிமுக்கிக் கல் துப்பாக்கியிலும் இதே முறை தொடர்ந்தது. அதன் குதிரையைப் பாதியளவு பின்னுக்கு இழுத்து நிறுத்தும் நிலை ஒன்றே அதில் இருந்த இயந்திரப் பாதுகாப்பு. மருந்திடுதல், குண்டைத் திணித்தல், ஆயத்தமாதல், குறிவைத்தல், சுடுதல் என எல்லாமே குரலுக்குக் கட்டுப்பட்டு நடந்தன. எப்போது சுடுவது என்பதைச் சிப்பாய் தீர்மானிக்கவில்லை. அணியை நடத்தியவர் தீர்மானித்தார். எனவே விரலுக்கென்று தனியாக ஓர் ஒழுக்கத்தைப் பெரிதாகப் பேச வேண்டிய தேவையும் எழவில்லை.

பயிற்றுநரைப் பயிற்றுவித்தல்

1853இல் இங்கிலாந்தின் ஹைத் நகரில் துப்பாக்கிப் பயிற்சிப் பள்ளி நிறுவப்பட்டது. படைப்பிரிவுகளிலிருந்து வந்தவர்கள் அங்கே கற்று, பயிற்றுநர்களாகத் தத்தம் பிரிவுகளுக்குத் திரும்பினர். நன்றாகச் சுடுபவரெல்லாம் நன்றாகக் கற்பிப்பவர் ஆகிவிட மாட்டார் என்ற எண்ணம் இங்கே நிறுவன வடிவம் பெற்றது.

இந்தியாவில் புதிய என்பீல்டு துப்பாக்கிக்கான பயிற்சி 1857இல் டம்டம், அம்பாலா, சியால்கோட் ஆகிய மூன்று இடங்களில் நடந்தது. அதன் தோட்டா உறையில் தடவிய கொழுப்பு குறித்துச் சிப்பாய்களிடையே அச்சம் பரவியது. அம்பாலாவில் பயிற்றுநராக இருந்த கேப்டன் மார்ட்டினோ, தம்மிடம் கற்றவர்களின் அச்சத்தைக் காதுகொடுத்துக் கேட்டு மேலிடத்துக்குத் தெரிவித்தார். மேலிடம் அதற்கு உரிய மதிப்பைத் தரவில்லை. அவ்வாண்டு மே மாதத்தில் பெரும் கிளர்ச்சி வெடித்தது. கிளர்ச்சிக்கு வேறு பல காரணங்களும் உண்டு. ஆயினும் கற்பவர் சொல்வதைக் கேட்பது பயிற்றுநரின் கடமை என்பதற்கு இந்நிகழ்வு நல்ல சான்று.

தனியாள் கையில் கைத்துப்பாக்கி

கைத்துப்பாக்கி பரவியபோது நிலைமை மாறியது. அணியும் இல்லை, கட்டளையிடும் குரலும் இல்லை. தீர்மானம் தனியாளிடம் வந்தது. தமிழக விடுதலைப் போராட்ட வரலாற்றிலும் இத்தகைய பயிற்சி இடம்பெற்றுள்ளது. வ.வே.சு. ஐயர் 1910இல் புதுச்சேரிக்கு வந்து புரட்சி இளைஞர்களுக்குத் துப்பாக்கி சுடக் கற்பித்தார். அவர்களுள் ஒருவரான வாஞ்சிநாதன் 1911 சூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்டுவிட்டுத் தம்மையும் மாய்த்துக்கொண்டார். அன்றைய இரகசியப் பயிற்சியின் நோக்கம் இலக்கைத் தாக்குவது; இன்றைய தற்காப்புப் பயிற்சியோ, சுடாமல் இருக்க வேண்டிய நேரத்தையும் சேர்த்தே கற்பிக்க வேண்டியது.

நான்கு விதிகள்

அமெரிக்காவின் ஜெஃப் கூப்பர் 1976இல் அரிசோனாவில் கைத்துப்பாக்கிப் பயிற்சிப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அவர் பரப்பிய நான்கு விதிகளின் சாரம் வருமாறு:

1. எந்தத் துப்பாக்கியையும் தோட்டா நிரப்பியதாகவே கருத வேண்டும்.
2. அழிக்க விரும்பாத எதன்மீதும் குழல்வாயைத் திருப்பக் கூடாது.
3. பார்வைக்குறி இலக்கில் பதியும்வரை விரல் விசைக்கு வெளியே இருக்க வேண்டும்.
4. இலக்கு எது, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதை அறிந்திருக்க வேண்டும்.

ஒரு விதி மீறப்பட்டாலும் மற்றவை உயிரிழப்பைத் தடுக்கக்கூடும். இரண்டு ஒருசேர மீறப்படும்போது பெரும் விபத்து நேர்கிறது.

விசைவிரல் குறித்த விவாதம்

ஆபத்தான நேரத்தில் விரலை விசைக்குக் கொண்டுசெல்ல நேரம் வீணாகும் என்பது ஒரு தரப்பின் வாதம். சுழல் துப்பாக்கியின் விசையைக் குதிரை ஏற்றாத நிலையில் அழுத்தக் கூடுதல் விசை வேண்டும். எனவே விரல் அதன்மேல் இருப்பதால் தீங்கில்லை என்றும் முன்பு சிலர் கருதினர்.

எதிர்த்தரப்பின் வாதம் உடலியங்கியலை அடிப்படையாகக் கொண்டது. ஒரு கை எதையாவது இறுகப் பற்றும்போது மறுகை விரல்களும் தாமாக இறுகலாம். கால் இடறி விழப்போகும்போதும் திடீர்ச் சத்தத்தில் திடுக்கிடும்போதும் அவ்வாறே நடக்கலாம். இவை எண்ணிச் செய்யும் செயல்கள் அல்ல என்பதால், ‘நான் கவனமாக இருப்பேன்’ என்ற உறுதி இங்கே உதவாது. விரல் வெளியே இருந்தால் மட்டுமே அந்த இறுக்கம் விசையை எட்டாது. வளையத்துக்கு வெளியிலிருந்து விசைக்கு விரல் நகர ஆகும் நேரமோ மிகச் சிறியது.

விரலை எங்கே வைப்பது என்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு. வளையத்தின் விளிம்பில் வைத்தால் கை இறுகும்போது அது வழுக்கி உள்ளே போகலாம். எனவே துப்பாக்கியின் உடற்பகுதியை ஒட்டி, சற்று உயரத்தில் நேராக நீட்டி வைப்பதே மேல் என்று பல பயிற்றுநர்கள் வற்புறுத்துகின்றனர்.

இந்தியச் சட்டமும் பயிற்சியும்

இந்தியாவில் துப்பாக்கி வைத்திருப்பது படைக்கலச் சட்டம் 1959இன்கீழ் உரிமத்துக்கு உட்பட்டது. 2016ஆம் ஆண்டின் படைக்கல விதிகள், உரிமம் கோருவோருக்குப் பாதுகாப்புப் பயிற்சியையும் அதற்கான சான்றிதழையும் விதியாக்கின. 2019இன் திருத்தம் விழாக்களில் மகிழ்ச்சிக்காகச் சுடுவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. தற்காப்பு உரிமையின் எல்லைகளைப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் வரையறுக்கின்றன. நேர்ந்த ஆபத்துக்குத் தேவையான அளவை மீறித் தீங்கு செய்ய அவை இடம் தரவில்லை.

தமிழக மாணவர் பலருக்குத் துப்பாக்கியுடன் முதல் அறிமுகம் 1948இல் தொடங்கிய தேசிய மாணவர் படையில் கிடைக்கிறது. அங்கே .22 ரைபிளைப் படுத்த நிலையில், கட்டளைக்குக் காத்திருந்து சுடக் கற்கின்றனர்.

நார்த்தாமலை தரும் பாடம்

2021 டிசம்பர் 30 அன்று புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலைக்கு அருகே, பசுமலைப்பட்டி துப்பாக்கிச் சுடுதளத்தில் பாதுகாப்புப் படையினருக்குப் பயிற்சி நடந்தது. தளத்துக்கு வெளியே குடியிருப்புப் பகுதியில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் தோட்டா ஒன்று பாய்ந்தது. 2022 சனவரி 3 அன்று அச்சிறுவன் உயிரிழந்தான்.

விசைவிரல் ஒழுங்கால் மட்டும் இத்தகைய இழப்பைத் தடுக்க முடியாது. தோட்டா இலக்கோடு நிற்பதில்லை. இலக்குக்குப் பின்னுள்ள மண்மேடும் அதற்கு அப்பாலுள்ள ஊரும் கணக்கில் வர வேண்டும். இது சுடுபவரின் விரலைவிட, இடத்தைத் தேர்ந்து பயிற்சியை நடத்துபவர்களின் பொறுப்பு.

பயிற்றுநரை மதிப்பிடுதல்

மேற்கண்ட வரலாற்றிலிருந்து ஒரு பயிற்றுநரை மதிப்பிடச் சில அளவுகோல்கள் கிடைக்கின்றன. அவர் தாம் சொல்லும் விதியைத் தாமும் கடைப்பிடிக்கிறாரா? செயல்விளக்கம் தரும்போது அவருடைய விரல் எங்கே இருக்கிறது, குழல்வாய் யாரை நோக்குகிறது? மாணவரின் அச்சத்தையும் ஐயத்தையும் கேட்கிறாரா? தளத்தின் பின்புறத்தை ஆராய்ந்த பிறகே பயிற்சியைத் தொடங்குகிறாரா? சட்டத்தின் எல்லையையும், விலகிச் செல்லும் வழியையும் கற்பிக்கிறாரா? யார் கண்ணிலாவது பிழை பட்டால் அக்கணமே ‘நிறுத்து’ என்று கூறும் உரிமையை எல்லோருக்கும் தருகிறாரா?

அவர் சுட்டு வென்ற பதக்கங்கள் இக்கேள்விகளுக்கு விடையாகா. அவரிடம் கற்றவர் தனித்து நிற்கும்போது, கட்டளையிட எவரும் இல்லாத இடத்திலும் விரல் விசைக்கு வெளியே இருந்தால், அதுவே அப்பயிற்றுநருக்குரிய சான்றிதழ்.