பட்டா கேட்ட நம்பிக்கை: திருவள்ளூர், 1892

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)

சென்னையில இருந்து கிளம்புற ரெண்டு லோக்கல் ரயில் லைன் நம்ம எல்லாருக்கும் தெரியும். ஒண்ணு ஆவடி வழியா திருவள்ளூர் போகும். இன்னொண்ணு எண்ணூர், அத்திப்பட்டு, மீஞ்சூர், பொன்னேரி வழியா கும்மிடிப்பூண்டி போகும். இன்னைக்கு இந்தப் பக்கம் போனா 1,500 மெகாவாட் வள்ளூர் அனல் மின் நிலையம், கும்மிடிப்பூண்டி சிப்காட், கன்டெய்னர் லாரி வரிசை, இதுதான் கண்ணுல படும். 130 வருஷத்துக்கு முன்னாடி இது மொத்தமும் செங்கல்பட்டு மாவட்டம். நெல் வயல், ஏரி, ஊர், ஊருக்கு வெளியே சேரி.

அந்தச் சேரிகள்ல இருந்தவங்க சில பேர் கிறிஸ்தவத்துக்குப் போனாங்க. அந்த நம்பிக்கை அவங்க வாழ்க்கையில எதை மாத்துச்சு? இன்னைக்கு எபிசோட் இதுதான். இது பிரசங்கமும் இல்ல, மதமாற்றம் சரியா தப்பான்னு பட்டிமன்றமும் இல்ல. வரலாறு.

ஒரு சொல், ரெண்டு மொழிபெயர்ப்பு

முதல்ல ஒரு சொல்லைப் பார்த்துடலாம். பவுல் எழுதின கடிதத்துல மூணு விஷயம் சேர்ந்து வரும். புராட்டஸ்டன்ட் திருச்சபைகள்ல புழங்குற பழைய தமிழ் பைபிள்ல அது விசுவாசம், நம்பிக்கை, அன்பு. 1995-ல வந்த பொது மொழிபெயர்ப்புல நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு. அதாவது ஒரு பைபிள்ல ரெண்டாவது இடத்துல இருக்குற "நம்பிக்கை", இன்னொண்ணுல முதல் இடத்துக்குப் போயிடுது. அது விட்டுட்டுப் போன இடத்துல "எதிர்நோக்கு"ன்னு ஒரு சொல் வந்து உக்காருது.

எனக்கு இந்த ரெண்டாவது சொல் பிடிக்கும். கடவுள் இருக்காருன்னு நம்புறது ஒரு விஷயம். இன்னும் வராத ஒண்ணு வரும்னு அந்தத் திசையையே பார்த்துட்டு நிக்கிறது வேற விஷயம். கத்தோலிக்கத் திருச்சபை 2025-ஐ யூபிலி ஆண்டா கொண்டாடுச்சு, அதோட கருப்பொருளும் இந்த எதிர்நோக்குதான். யூபிலியோட வேர் பழைய ஏற்பாட்டுல, லேவியராகமத்துல இருக்கு. ஐம்பதாவது வருஷம் அடிமைகள் விடுதலையாகணும், கைமாறிப் போன நிலம் பழைய குடும்பத்துக்கே திரும்பணும். நிலம் திரும்பி வரணும்கிற எதிர்பார்ப்பு அந்த மதத்தோட அடிப்படை நூல்லயே இருக்கு. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

வீட்டு மனையே பூட்டு

இப்போ 1880-கள் செங்கல்பட்டு மாவட்டத்துக்கு வருவோம். நிலத்தோட கட்டுப்பாடு மிராசுதாரர்கள் கையில. மிராசுங்கிறது ஊர் நிலத்து மேல பரம்பரை உரிமை. பயிர் பண்ற நிலத்தோட அது நிக்கல. தரிசு நிலத்துக்கு யாராவது தர்க்காஸ்து போட்டா, அதாவது அரசுகிட்ட நிலம் கேட்டு மனு போட்டா, முதல் முன்னுரிமை மிராசுதாரருக்குத்தான். வெளியாள் கேட்டவுடனே அவர் "எனக்கே வேணும்"னு சொன்னா கதை முடிஞ்சது.

வயல்ல உழைச்சவங்க பெரும்பாலும் படியாட்கள். அன்றைய ஆவணங்கள் பறையர், பஞ்சமர்னு எழுதும், நான் தலித்னு சொல்றேன். சட்டப்படி அடிமை முறை 1843-லயே செல்லாதுன்னு ஆயிடுச்சு. ஆனா கடன் இருந்தது. கடனை விடப் பெரிய பூட்டு ஒண்ணும் இருந்தது: வீட்டு மனை. குடிசை நின்ன தரையும் மிராசுதாரரோடது. பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பினா, கூலி கூடக் கேட்டா, வேற ஆள்கிட்ட வேலைக்குப் போனா, "காலி பண்ணு"ன்னு ஒரு வார்த்தை போதும். வீடு, வேலை, தண்ணி எல்லாம் ஒரே கையில இருந்தா எதிர்த்துப் பேச முடியுமா?

இந்த இடத்துல "நாளைக்கு நல்லா இருக்கும்"னு நினைக்கிறதே ஒரு ஆடம்பரம்.

கால்வாய் வெட்டின கைகள்

பஞ்சத்தைச் சொல்லாம இந்தக் கதையைச் சொல்ல முடியாது. 1876-78 பஞ்சம் சென்னை மாகாணத்துல பல லட்சம் பேரைக் கொன்னுச்சு. பஞ்ச நிவாரண வேலையா பல இடங்கள்ல பக்கிங்காம் கால்வாய் வெட்டினாங்க. எண்ணூர், பழவேற்காடு வழியா நம்ம பகுதியைத் தொட்டுட்டு ஆந்திரா பக்கம் போகுதே, அதே கால்வாய்தான்.

அந்தக் கால்வாயோட வடக்குப் பக்கம், ஒங்கோல்ல, ஜான் கிளஃப்னு ஒரு அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரி இருந்தார். சர்வே வேலை தெரிஞ்சவர். கால்வாயில சுமார் மூன்றரை மைல் தூரத்துக்கு கான்ட்ராக்ட் எடுத்து, பட்டினி கிடந்தவங்களுக்கு வேலை கொடுத்தார். நிறைய பேர் ஞானஸ்நானம் கேட்டு வந்தாங்க. அவர் மறுத்தார். சோத்துக்காக மதம் மாறினாங்கன்னு பேர் வரக்கூடாதுன்னு, நிவாரண வேலை நடக்குற வரைக்கும் யாருக்கும் ஞானஸ்நானம் இல்லைன்னு நிறுத்தி வெச்சார். வேலை முடிஞ்சது, காசு நின்னுது. அதுக்கு அப்புறமும் ஜனங்க வந்தாங்க. 1878 ஜூலை 3-ஆம் தேதி, ஒரே நாள்ல 2,222 பேர் ஞானஸ்நானம் வாங்கினாங்க.

இதை ஆரம்பிச்சு வெச்சது கிளஃப் கூட இல்ல. எர்ரகுண்ட்ல பேரய்யாங்கிற மாதிகா சமூகத்துக்காரர். 1866-லயே ஞானஸ்நானம் வாங்கி, ஊர் ஊரா தன் ஜனங்ககிட்ட பேசினவர். மிஷனரி அறிக்கைகளை மட்டும் படிச்சா வெள்ளைக்காரர் வந்தார், ஜனங்க மாறினாங்கன்னு தோணும். உள்ளே போய்ப் பார்த்தா ஜனங்கதான் முதல்ல நகர்ந்திருக்காங்க.

திருவள்ளூர்ல கௌடி

இதே விஷயம் செங்கல்பட்டு மாவட்டத்துலயும் நடந்ததுன்னு வரலாற்று ஆய்வாளர் ரூபா விஸ்வநாத் 2014-ல வந்த "தி பறையா ப்ராப்ளம்" புத்தகத்துல காட்டுறார். மிஷனரிகளைத் தேடிப் போனது பெரும்பாலும் சேரி ஜனங்க. அவங்க கேட்டது பள்ளிக்கூடம், வழக்குல துணை, மனை, நிலம். மிஷனரிகளுக்கோ இது சங்கடம். இவங்களுக்கு வேணும்கிறது கடவுளா, நிலமான்னு அவங்களுக்குள்ள பெரிய விவாதமே ஓடுச்சு.

திருவள்ளூர்ல இருந்த வெஸ்லியன் மிஷனரி வில்லியம் கௌடி, ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்து தீவுகள்ல பிறந்தவர். பக்கத்துல இருக்குற ஈக்காடு மிஷனுக்கு மையமா ஆச்சு. பள்ளி, மருத்துவமனை எல்லாம் வந்தது. திருவள்ளூர் ஆட்களுக்கு கௌடி பேர்ல இருக்குற பள்ளி தெரிஞ்சிருக்கும். கௌடி 1894-ல "ஹார்வெஸ்ட் ஃபீல்ட்" பத்திரிகையில பறையர்களும் நிலமும்னு தலைப்பு போட்டே எழுதினார். ஆன்மாவைப் பத்திப் பேச வந்தவர் நிலத்தைப் பத்தி எழுதுறார். யார் யாரை மாத்தினாங்கன்னு யோசிச்சுப் பாருங்க.

மிஷனரிகள் சேரி ஜனங்க சார்பா தர்க்காஸ்து மனு போட ஆரம்பிச்சாங்க. மிராசுதாரர்கள் எதிர்த்தாங்க. என்னைப் பொறுத்தவரை இந்த மனுவுலதான் கதையோட மையம் இருக்கு. தலைமுறை தலைமுறையா அடுத்தவன் தரையில குடிசை போட்டிருந்தவர், சர்க்காருக்கு ஒரு காகிதம் அனுப்புறார். சர்வே எண் போட்டு, இந்த இடம் எனக்கு வேணும்னு கேட்கிறார். கிடைக்குமான்னு தெரியாது. கிடைக்காமப் போனா மிராசுதாரர் என்ன பண்ணுவார்னு நல்லாவே தெரியும். தெரிஞ்சும் கேட்டாங்க.

மதம் மக்களுக்கு அபின்னு மார்க்ஸ் சொன்னது எல்லாருக்கும் தெரியும். செத்தப்புறம் சொர்க்கம் கிடைக்கும், அதுவரைக்கும் பொறுத்துக்கோன்னு சொல்ற மதத்துக்கு அது பொருந்தும். இங்க நடந்தது அதுக்கு நேர் எதிர். பொறுமை போயிடுச்சு. யூர்கன் மோல்ட்மன்னு ஒரு ஜெர்மன் இறையியலாளர், ரெண்டாம் உலகப் போர்ல போர்க் கைதியா இருந்தவர், 1964-ல "எதிர்நோக்கின் இறையியல்"னு புத்தகம் போட்டார். எதிர்நோக்கு உள்ள மனுஷன் இருக்குற நிலைமையோட சமாதானம் ஆக மாட்டான்ங்கிறது அவர் வாதத்தோட சாரம். ஜெர்மனியில அது புத்தகமா வர்றதுக்கு 70 வருஷம் முன்னாடியே திருவள்ளூர் பக்கம் அது தர்க்காஸ்து மனுவா இருந்திருக்கு.

அரசாணை 1010

1891-ல செங்கல்பட்டு மாவட்டத்தோட பொறுப்பு கலெக்டரா இருந்த ட்ரெமென்ஹீர், இந்த மக்களோட நிலைமை பத்தி அரசுக்கு ஒரு விரிவான அறிக்கை கொடுத்தார். மனைக்கு உரிமை இல்லாதது, கடன்ல கட்டி வெச்சிருக்குறது, தரிசு நிலம் கிடைக்காதது எல்லாம் அதுல இருந்தது. 1892 செப்டம்பர் 30-ஆம் தேதி அரசாணை 1010 வந்தது. இன்னைக்கு நாம "பஞ்சமி நிலம்"னு சொல்றதோட தொடக்கமா இயக்கங்கள் காட்டுறது இந்த ஆணையைத்தான். கொடுத்த நிலத்தைப் பத்து வருஷத்துக்கு விற்கக்கூடாது, அதுக்கு அப்புறமும் ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்தவங்களுக்கு மட்டும்தான் விற்கலாம்னு நிபந்தனைகள் வந்தது. மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர்னு சொல்லப்படுது.

இந்த இடத்துல ஒரு நியாயம் பேசியாகணும். இந்த எழுச்சி கிறிஸ்தவர்களுக்கு மட்டும் சொந்தம் இல்ல. அதே செங்கல்பட்டு மாவட்டத்துக்காரரான இரட்டைமலை சீனிவாசன் மதம் மாறாமலே அமைப்பு கட்டினார், 1893-ல "பறையன்" பத்திரிகை ஆரம்பிச்சார். அயோத்திதாசர் 1898-ல பௌத்தத்துக்குப் போனார். சர்ச்சுக்குள்ளயும் சாதி சாகல. தனி வரிசை, தனி கல்லறைன்னு அந்த வரலாறு இன்னும் முடியல. எதிர்நோக்கைக் கொடுத்த அதே இடம்தான் பல பேருக்கு ஏமாற்றத்தையும் கொடுத்துச்சு.

நிலமும் கையில நிக்கல. கிரயம், பினாமி, மிரட்டல்னு பல வழியில கைமாறிப் போச்சு. நூறு வருஷம் கழிச்சு, 1994 அக்டோபர் 10-ஆம் தேதி, மாமல்லபுரம் பக்கம் காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்தை மீட்கச் சொல்லி செங்கல்பட்டுல போராட்டம் நடந்தது. போலீஸ் சுட்டதுல ஜான் தாமஸ், ஏழுமலைன்னு ரெண்டு பேர் செத்தாங்க. அந்த ரெண்டு பேரையும் சேர்த்து இன்னொரு தடவை சொல்லிப் பாருங்க. சாமி வேற வேற, கேட்ட நிலம் ஒண்ணு.

சான்றிதழ் கேட்கும் விலை

இப்போ இன்னைக்கு விஷயம். 1950-ல வந்த குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்துக்கள் மட்டும்தான் பட்டியல் சாதியில வருவாங்க. 1956-ல சீக்கியர்கள், 1990-ல பௌத்தர்கள் சேர்க்கப்பட்டாங்க. கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்னும் வெளியே. தமிழ்நாட்டுல மதம் மாறின ஆதிதிராவிடருக்கு பி.சி. சான்றிதழ்.

சூசைன்னு ஒருத்தர், சென்னையில ரோட்டோரம் செருப்பு தைச்சவர். ஆதிதிராவிடரா இருந்து கிறிஸ்தவர் ஆனவர். ரோட்டோரத் தொழிலாளிகளுக்கு அரசு இலவசமா பெட்டிக்கடை கொடுத்தப்போ இவருக்கு இல்லைன்னுட்டாங்க. உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனார். மதம் மாறின பிறகும் சாதிக் கொடுமை அதே அளவுக்குத் தொடருதுன்னு நிரூபிக்கலைன்னு 1985-ல மனு தள்ளுபடி ஆச்சு. அதே ரோடு, அதே செருப்பு, அதே ஆள். 2024 நவம்பர்ல புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண்ணோட வழக்குல, கிறிஸ்தவத்தைப் பின்பற்றிக்கிட்டு இட ஒதுக்கீட்டுக்காக இந்துன்னு சொல்லிக்க முடியாதுன்னு உச்ச நீதிமன்றம் திரும்பவும் சொல்லிடுச்சு. இதுக்கு நடுவுல, தலித் கிறிஸ்தவர்களுக்கும் பட்டியல் சாதித் தகுதி வேணும்னு 2023 ஏப்ரல்ல தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டது.

விவாதத்துல ரெண்டு பக்கமும் வாதம் இருக்கு. கிறிஸ்தவத்துல சாதி இல்லைன்னா சலுகை எதுக்குன்னு ஒரு பக்கம் கேட்கும். சாதி மதத்துல இல்ல, ஊர்ல இருக்குன்னு இன்னொரு பக்கம் சொல்லும். ஊர் கிணறு, டீக்கடை, வாடகை வீடு எதுவும் ஞானஸ்நானச் சான்றிதழைக் கேட்டுட்டு நடத்துறது இல்லையே. நான் இந்த ரெண்டாவது பக்கம். 1892 கதையே அதைத்தான் சொல்லுது. அன்னைக்கு அவங்களைக் கட்டிப் போட்டது தரை. சாமியை மாத்தினவுடனே தரை மாறல. தரையையும் கேட்கணும்கிற துணிச்சல் வந்தது, அவ்வளவுதான். அந்தத் துணிச்சலுக்கு இன்னைக்கும் ஒரு குடும்பம் சான்றிதழை விலையா கொடுக்குது. பிள்ளையோட காலேஜ் சீட்டா, ஞாயிற்றுக்கிழமை ஆராதனையான்னு வீட்டுக்குள்ளயே முடிவெடுக்க வேண்டியிருக்கு.

கிறிஸ்தவ நம்பிக்கை நம்புறவங்களை மாத்துதான்னு கேட்டா, திருவள்ளூர் சொல்ற பதில் எளிமையானது. குனிஞ்சு நின்னவங்களை மனு எழுத வெச்சுது. அந்த மனு இன்னும் பெண்டிங்லதான் இருக்கு.

உங்களுக்கு ஒரு வேலை. உங்க சொந்த ஊரோட "அ" பதிவேட்டை, கிடைச்சா பழைய செட்டில்மென்ட் பதிவேட்டையும் பாருங்க. அ-பதிவேடு அரசு இணையதளத்துலயே கிடைக்கும். நிபந்தனைப் பட்டா நிலம் எது, அது இன்னைக்கு யார் பேர்ல இருக்குன்னு தேடுங்க. தாத்தா பாட்டி இருந்தா அவங்ககிட்டயும் கேளுங்க. கிடைச்சதை எழுதி அனுப்புங்க, சேர்த்து ஒரு எபிசோட் பண்ணலாம். அடுத்த வாரம் பார்ப்போம்.