பழனி மலையடிவாரத்திலிருந்து அரபு இலக்கணம் ஓதப் போனவர்கள்

கொடைக்கானலுக்குக் கொஞ்சம் கீழே செண்பகனூர். 1895-இல் இயேசு சபையார் அங்கே திரு இருதயக் கல்லூரியைத் தொடங்கினார்கள். குருவாகப் போகிற இளைஞர்களுக்கு அந்தக் காலத்தில் தத்துவப் பாடம் லத்தீனில்தான். ஐரோப்பியப் பாதிரிமார் பலருக்குத் தமிழ் இலக்கணமே லத்தீன் வழியாகத்தான் போய்ச் சேர்ந்தது. வீரமாமுனிவர் கொடுந்தமிழுக்கு எழுதிய இலக்கணமும் லத்தீனில் இருப்பதே. ஒரு மொழியைப் பிடிக்க இன்னொரு மொழியை ஏணியாகப் போடுகிற வேலை இது.

அதே மலையின் அடிவாரத்தில், பழனி, வத்தலக்குண்டு, பெரியகுளம் பக்கத்து ராவுத்தர் வீட்டுப் பையன்களுக்கும் இப்படி ஒரு ஏணி இருந்தது. இதைப் பற்றி நம்மில் அதிகம் பேர் பேசுவதில்லை.

ஊர் மதரஸாவில் குர்ஆன் ஓதலாம். ஆலிமாக வேண்டுமென்றால் வெளியூர் போகவேண்டும். கீழக்கரை, காயல்பட்டினம் மாதிரி கடற்கரை ஊர்கள் ஷாஃபி வழி. ராவுத்தர்கள் ஹனஃபி. அதனால் வேலூர் பாகியாத்துஸ் ஸாலிஹாத் அவர்களுக்குப் பொருத்தமான இடம். 19-ஆம் நூற்றாண்டில் அப்துல் வஹ்ஹாப் ஹஜ்ரத் நிறுவியது. பெயருக்குப் பின்னால் 'பாகவி' என்று இருந்தால் அங்கே ஓதியவர் என்று அர்த்தம்.

இந்திய ஹனஃபி மதரஸாக்களுக்கு அடிப்படையான பாடத்திட்டம் தர்ஸே நிஜாமி. லக்னோ ஃபிரங்கி மஹல் முல்லா நிஜாமுத்தீன் (இறப்பு 1748) பெயரில் வழங்குவது. இதில் நஹ்வு, அதாவது தொடரிலக்கணம், படிக்கிற வரிசையைப் பாருங்கள். முதலில் மீர் ஸையித் ஷரீஃப் ஜுர்ஜானியின் நஹ்வமீர். பாரசீகத்தில் எழுதப்பட்டது. பிறகு நூறு ஆமில்கள் பற்றிய நூலின் உரை, ஹிதாயத்துன் நஹ்வு, இப்னுல் ஹாஜிபின் காஃபியா. உச்சியில் ஷரஹு ஜாமி. ஹெராத் கவிஞர் ஜாமி தன் மகன் ளியாவுத்தீன் யூசுஃபுக்காக எழுதிய காஃபியா உரை அது. (மகன் அதைப் படித்து முடித்தானா என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. அவ்வளவு கனம்.)

எனக்கு வேடிக்கையாகப் படுவது முதல் படிதான். அரபு இலக்கணத்தின் உயிர் சொல்லின் கடைசி உயிரொலியில் இருக்கிறது. ளரப ஸைதுன் பக்ரன்: ஸைது பக்ரை அடித்தான். உன் வந்தால் அடித்தவன், அன் வந்தால் அடி வாங்கியவன். பாரசீகத்தில் பெயர்ச்சொல் இப்படித் திரிவதில்லை. எட்டு வேற்றுமையோடு பிறந்த தமிழ்ப் பையன், வேற்றுமைத் திரிபே இல்லாத மொழி வழியாக இதைக் கற்கவேண்டியிருந்தது!

அப்போ நேராகத் தமிழிலேயே சொல்லிக்கொடுத்திருந்தால் சுலபமாக இருந்திருக்குமா? பாதி தூரம், ஆமாம். மீதிப் பாதியில் தமிழே வழி மறிக்கும். "இன்ன ஸைதன் காஇமுன்" என்றால் 'நிச்சயமாக ஸைது நிற்கிறான்'. எழுவாய் ஸைதுதான், ஆனால் அன் வந்துவிட்டது. "கான ஸைதுன் காஇமன்", 'ஸைது நின்றுகொண்டிருந்தான்', இங்கே தலைகீழ். நம் 'ஐ' பொருளைச் சொல்கிறது. அரபு ஈறு பொருளை மட்டும் பார்ப்பதில்லை, தன்னை ஆள்கிற சொல் எது என்றும் பார்க்கிறது. அந்த ஆள்கிற சொல்தான் ஆமில். ப்ரோக்ராம் எழுதுகிறவர்களுக்கு எளிதாகச் சொன்னால், இன்ன ஒரு ஃபங்ஷன். அதன் முதல் இன்புட்டுக்கு அன், இரண்டாவதுக்கு உன்.

அப்துல் காஹிர் ஜுர்ஜானி (இறப்பு 1078) இந்த ஆமில்களை நூறாக எண்ணினார். 98 ஆமில்கள் சொல்லாக வெளியே தெரிபவை. மற்ற இரண்டும் கருத்தளவில் மட்டும் இருப்பவை. இன்னவும் இல்லை, கானவும் இல்லை, வெறும் "ஸைதுன் காஇமுன்" என்றால் உன் எப்படி வந்தது? கண்ணுக்குத் தெரிகிற காரணம் ஏதுமில்லை. ஆனால் காரணமில்லாமல் ஈறு வராது என்பது கொள்கை. ஆகவே வாக்கியத்தின் தொடக்கமாக நிற்பதே, இப்திதா, ஆமில் என்றார்கள்.

நன்னூல் மாணவனுக்கு இந்தச் சிக்கலே கிடையாது. முதல் வேற்றுமைக்கு உருபு இல்லை, பெயர் தானாக நிற்கும், அவ்வளவுதான். ஷரஹு ஜாமிக்கு முன்னால் உட்காருகிற தமிழ் மாணவன் மாற்றிக்கொள்ளவேண்டியது இந்தப் பழக்கத்தை: அங்கே எந்தச் சொல்லும் தானாக நிற்பதில்லை.