பொம்மனஹள்ளியில் கேளாமல் எழுந்த வீடுகள்

பெங்களூரில் சில காலமேனும் பிழைத்த தமிழர் எவருக்கும் பொம்மனஹள்ளி புதிய பெயராய் இராது. சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டி ஓசூர்ச் சாலையில் திரும்பியதும் வரும் ஊர் அது. (இன்னும் தெற்கே பொம்மசந்திரா என்று வேறோர் ஊர் உண்டு. இரண்டையும் ஒன்றெனக் கருதி, மூட்டையுடன் தவறான நிறுத்தத்தில் இறங்கி நின்ற உறவினர் நம் எல்லோருக்கும் இருப்பர்.) 2010-ஆம் ஆண்டு முதல் அவ்வூரின் மேலே மின்னணு நகருக்குச் செல்லும் மேம்பாலமும், 2025 ஆகஸ்டு முதல் மெட்ரோ இரயிலும் ஓடுகின்றன. அவற்றுக்கு அப்பால், கிளைத் தெருக்களில், 20-க்கு 30 அடி, 30-க்கு 40 அடி என்னும் அளவான மனைகளில் சுவரோடு சுவர் உரச நிற்கும் வீடுகளே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

இவற்றுள் பல, தருமபுரியிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் சேலத்திலிருந்தும் கொத்துவேலைக்கும் தையல் ஆலைக்கும் வந்த நம்மவர் கட்டியவை. ஊரார்க்கெல்லாம் வீடு கட்டித் தந்த கொத்தனார், ஞாயிற்றுக்கிழமைகளில் தமக்கென ஒரு சுவர் எழுப்பியதும் இங்கே உண்டு. வரைபடம் கொடுத்து ஒப்புதல் வாங்கியோர் சிலரே. ஆகவே இவ்வீடுகளுக்குச் சட்டப் புத்தகத்தில் ஒரு பெயர் விழுந்துவிட்டது. கன்னடத்தில் அதனை 'அக்ரம' என்பர். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இச்சொல் பலமுறை தொல்லை கொடுத்ததுண்டு. கிரமம் அற்றது என்பதே அதன் நேர்ப்பொருள். 'சட்டவிரோதம்' என்று எழுதிவிட்டாலோ, கடைக்காலுக்கு வானம் தோண்டியவன் குற்றவாளியாகிவிடுகிறான். முறை தவறியது யாரால், எப்போது என்பது வரலாற்றைப் பார்த்தாலன்றி விளங்காது.

பழங்காலத்தில் குடியானவன் வீடு கட்ட யாரைக் கேட்டான்? முதலாம் இராசராசன் காலத்துத் தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுக்களைப் பார்ப்போமாயின், கோயிலுக்கு விடப்பட்ட ஊர்களின் நிலக்கணக்கில் சில பகுதிகளைக் கழித்துவிட்டே வரி கணித்திருக்கக் காண்கிறோம். குளம், வாய்க்கால், சுடுகாடு முதலியவற்றோடு 'ஊர்நத்தம்' என்னும் குடியிருப்பு நிலமும் அவ்வாறு கழிக்கப்பட்டது. விளைநிலத்துக்கு இறை உண்டு. மக்கள் குடியிருக்கும் நத்தத்துக்கு இல்லை. இப்பாகுபாடு ஆயிரம் ஆண்டுகளாக அழியவில்லை. தமிழகத்தில் இன்றும் கிராம நத்தம் என்கிறோம். கன்னட நாட்டில் அதனையே கிராமடாணா என்கின்றனர்.

பொம்மனஹள்ளிச் சுற்றுவட்டாரம் இப்பழமைக்குப் புறம்பானதன்று. அண்மையிலுள்ள பேகூரில் ஏறத்தாழ 900-ஆம் ஆண்டைச் சேர்ந்த கன்னடக் கல்வெட்டொன்று பெங்களூர்ப் போரைக் குறிப்பிடுகிறது. மடிவாளம் சோமேசுவரர் கோயிற் சுவரிலோ, 1247-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, வேப்பூர்வாசி ஒருவர் வெங்களூர்ப் பெரிய ஏரியின் கீழ் நிலம் கொடுத்ததைச் சொல்லுகிறது. அவ்வேப்பூரே இன்றைய பேகூர். தமிழர் இங்கே நேற்று வந்தவரல்லர் என்று பெருமை பேசுவதற்காக இதனைச் சொல்லவில்லை. ஏரி, ஏரியின் கீழ் வயல், மேட்டில் நத்தம் என்ற அமைப்பு அக்காலத்திலேயே இருந்தது என்பதே நமக்கு வேண்டியது. பின்னால் இவ்வேரி நம் கதைக்குள் மீண்டும் வரும்.

நத்தத்தில் வீடு கட்டுவோன் சர்க்காரைக் கேட்கவில்லை எனினும், யாரையும் கேளாமல் கட்டினான் என்று சொல்லிவிட முடியாது. தன் கூரைநீர் அடுத்தவன் சுவரில் விழாமல் பார்க்க வேண்டும். வண்டிப் பாதையை மறிக்கலாகாது. ஊர்ப் பெரியவர்கள் வந்து நின்று மனையின் மூலைக்கற்களைக் காட்ட வேண்டும். மண்ணும் மரமும் அருகிலேயே கிடைத்தன. பெங்களூர்ப் பீடபூமியில் பாறையைப் பிளந்து எடுத்த கற்பலகைகளை வரிசையாக நிறுத்தியே சுவராக்கிய வீடுகளும் உண்டு. மங்களூரில் 1865-இல் பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பிறகு, வசதி உள்ளவர் கூரைக்குச் சிவப்பு ஓடு வந்தது. அனுமதி வாயால் வழங்கப்பட்டது. சாட்சி அண்டை வீட்டுக்காரன்.

எழுத்தில் அனுமதி என்னும் வழக்கம் வலுப்பெற்றதற்குக் கொள்ளைநோய் ஒரு பெருங்காரணம். 1898-இல் பெங்களூரைப் பிளேக் நோய் தாக்கிற்று. காற்றும் வெளிச்சமும் புகாத நெரிசல் வீடுகளே நோய்க்குக் காரணம் என்று அதிகாரிகள் கருதினர். முன்பே திட்டமிடப்பட்டிருந்த பசவனகுடி, மல்லேசுவரம் ஆகிய விரிவுப் பகுதிகள் இதனால் விரைந்து வளர்ந்தன. நேரான தெரு, பின்புறச் சந்து, வீட்டைச் சுற்றி விட வேண்டிய வெளி என்னும் இலக்கணம் நகரத்துக்கு வந்தது. அது நல்ல இலக்கணமே என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் பொம்மனஹள்ளி அப்போது நகரத்துக்கு வெளியே கேழ்வரகு விளைந்த சிற்றூர். அவ்விலக்கணம் அங்கே எட்டவில்லை.

பின்னர்ச் சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் வந்தன. 1961-இல் நகர, நாட்டுப்புறத் திட்டச் சட்டம். 1964-இல் நிலவருவாய்ச் சட்டம். பின்னதன் 95-ஆம் பிரிவுப்படி விளைநிலத்தை வீட்டுமனையாக்க, நம் கலெக்டருக்கு ஒப்பான டெபுடி கமிஷனரின் உத்தரவு வேண்டும். 1976-இல் பெங்களூர் வளர்ச்சி ஆணையத்துக்கான சட்டம் வந்தது. 1984-இல் ஏற்கப்பட்ட பெருந்திட்டம் நகரைச் சுற்றிப் பசுமை வளையம் ஒன்றை வகுத்தது.

அதே காலத்திலேதான் கோனப்பன அக்ரகாரம், தொட்டதோகூர் ஆகிய சிற்றூர்களில் 332 ஏக்கரில் மின்னணு நகர் உருவாயிற்று. ஆலைகள் வந்தன, ஆட்கள் வந்தனர், அவர்கள் தலைசாய்க்க இடம் எங்கே என்று மட்டும் எந்த வரைபடமும் போதிய விடை சொல்லவில்லை. ஆணையத்தின் மனை கிடைக்க ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கூலிக்காரனால் அது முடியாது. விவசாயியோ, தன் நிலத்தைச் சர்க்கார் எடுத்துக்கொள்ளுமுன் சிறு துண்டுகளாக விற்பதே ஆதாயம் என்று கண்டான். நிலமாற்ற உத்தரவின்றி விற்கப்பட்ட இவ்வகை மனைக்கு 'ரெவின்யூ சைட்டு' என்று பெயர் வழங்கிற்று. வாங்கியவன் முதலில் ஓர் அறை எழுப்பித் தகரம் வேய்ந்தான். சீட்டுப்பணம் வந்தபோது தளம் போட்டான். மகளுக்குக் கலியாணம் ஆனபின் மாடி எடுத்தான். பஞ்சாயத்தில் வரி கட்டிய ரசீது கையில் இருந்தது. அதனையே அனுமதி என்று நம்பினான்.

இவ்விடத்தில் வெளிமாநிலத் தமிழர் அடிக்கடி ஏமாறும் சொல் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். 'காத்தா' என்பதை நம்மவர் 'பட்டா'வுக்கு ஒத்ததாகக் கொள்கின்றனர். காத்தா என்றால் கணக்கு என்றே பொருள். வரி செலுத்துவோர் யார் என்று பதியும் பேரேடு. உரிமையை நிலைநாட்டும் பத்திரமாக அதனை நீதிமன்றங்கள் கொள்வதில்லை. முறைப்படி அமையாத வீடுகளை வேறொரு பதிவேட்டில் எழுதி வரி வாங்கியபோது, அதற்கு 'பி காத்தா' என்று பெயர் வந்தது. வரி வாங்கும் கை உண்டு. ஒப்புதல் தரும் கை இல்லை. அதை வைத்து வங்கிக் கடன் பெறுவதும் அரிதாயிற்று.

2007-இல் பொம்மனஹள்ளி உட்பட ஏழு நகராட்சிகளும், கெங்கேரிப் பேரூரும், 110 கிராமங்களும் பெங்களூர் மாநகராட்சியோடு இணைக்கப்பட்டன. வீடு இருந்த இடத்தில் இருந்தது. நகர எல்லைக்கோடு நகர்ந்து வந்து அதைச் சூழ்ந்தது. அவ்வாண்டிலேயே, கட்டணம் பெற்று விதிமீறலை ஒழுங்காக்கும் 'அக்ரம-சக்ரம' ஏற்பாட்டுக்குச் சட்டத்திருத்தம் வந்தது. அதற்கான விதிகள் 2014-இல் வெளியாயின. 2016 டிசம்பரில் உயர்நீதிமன்றம் ஏற்றது. 2017 சனவரியில் உச்சநீதிமன்றம் தடை விதித்தது. துருக்கி நாட்டில் இத்தகைய வீட்டுக்கு 'இரவில் வைத்தது' என்னும் பொருள்பட 'கெசெகொண்டு' என்று பெயர். 1966-இல் அந்நாடு அப்பெயரையே சட்டத்திலும் ஏற்றது. பொழுது விடிவதற்குள் கூரையேற்றி அடுப்புப் புகை எழுப்பிவிட்டால் வீடு தனதே என்ற நம்பிக்கை வேல்சு நாட்டுக் குடியானவரிடமும் இருந்தது. வீடில்லாதவன் எங்கும் ஒரே கணக்குத்தான் போட்டிருக்கிறான்.

இதனால் விதியே வேண்டாம் என்று நாம் வாதிட்டால் பேகூர் ஏரி நம்மைப் பார்த்து நகும். ஏரியிலிருந்து ஏரிக்கு நீர் கொண்டுசென்ற ராஜகால்வாய்கள் மனைகளுக்கிடையே குறுகின. 2016 சூலை இறுதியில் பெய்த பெருமழையில் பொம்மனஹள்ளி மண்டலத்துக் கோடிச்சிக்கனஹள்ளித் தெருக்களில் படகு விட்டனர். சிலர் தெருவில் மீன் பிடித்தனர். அடுத்த மாதமே பழைய கிராம வரைபடத்தை விரித்து, கால்வாயின் மேல் உள்ளவை என்று அவனி சிருங்கேரி நகரில் வீடுகளை இடித்தனர். கிரயப் பத்திரமும் காத்தாவும் வங்கிக் கடனும் உடையவர்களும் தெருவில் நின்றார்கள். கேட்டுக் கட்டியவனையும் கேளாமல் கட்டியவனையும் இயந்திரம் வேறு பிரித்துப் பார்க்கவில்லை. அவர்களுக்கு அம்மனைகளை விற்றவரும், காகிதத்தில் முத்திரையிட்டவரும் அத்தெருவில் நிற்கவில்லை என்பதுதான் நம்மை இன்றும் உறுத்துவது.

2024 நவம்பரில் உச்சநீதிமன்றம், இடிக்குமுன் 15 நாள் அறிவிப்புத் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பொதுச்சாலை, நீர்நிலை முதலியவற்றின் ஆக்கிரமிப்புக்கு மட்டும் இப்பாதுகாப்பு இல்லை. அடுத்த மாதத்தில் மற்றொரு தீர்ப்பு, குடிபுகும் சான்று பெற்ற பின்னரே மின்சாரமும் குடிநீரும் என்றது. அதன் விளைவாக 2025-இல் பெங்களூரில் புதுவீடுகள் பல விளக்கின்றிக் காத்திருந்தன. அவ்வாண்டிலேயே மாநகராட்சி ஐந்தாகப் பிரிக்கப்பட்டது. பி காத்தாவை ஏ காத்தாவாக மாற்றித் தரும் ஏற்பாட்டையும் மாநில அரசு அறிவித்தது.

அங்கே மனை பார்க்கச் செல்லும் நேயர்கள் தரகர் காட்டும் ரசீதோடு நிற்க வேண்டியதில்லை. 95-ஆம் பிரிவின்படி நிலமாற்ற உத்தரவு உண்டா என்று கேட்கலாம். நில அளவை அலுவலகத்தில் பழைய கிராம வரைபடம் கிடைக்கும். ராஜகால்வாய் எவ்வழி ஓடிற்று என்பது அதில் கோடாக வரைந்திருக்கும். முன்பணம் கொடுப்பது அதைப் பார்த்த பிறகு ஆகட்டும்.