இப்னு கல்தூனும் அமெரிக்க வரிவிதிப்பும்

1981-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் பத்திரிகையாளரைச் சந்தித்த அமெரிக்க ஜனாதிபதி ரொனால்டு ரீகன், தம் வரிக்குறைப்புக் கொள்கைக்குச் சான்றாக ஒரு முஸ்லிம் அறிஞரின் பெயரை எடுத்துரைத்தார். பதினான்காம் நூற்றாண்டினரான இப்னு கல்தூன், அரசின் தொடக்கத்தில் சிறு வரியால் பெரு வருவாயும், அதன் இறுதியில் பெரு வரியால் சிறு வருவாயும் கிட்டும் என்று கூறியிருப்பதாக அவர் சொன்னார். இச்செய்தி நம் மேடைகளில் பெருமையோடு பேசப்படுவதைப் பன்முறை கேட்டிருக்கிறேன். பேசியவர்களுள் எவரேனும் அந்தக் கிதாபைத் திறந்து அவ்விடத்தை வாசித்துக் காட்டியதாக நினைவில்லை. குறைகூற எனக்கும் தகுதி குறைவே. நான் ஓதிய மதரஸாவின் பாடத்தில் 'முகத்திமா' இடம்பெறவில்லை; ஸனது பெற்றுப் பல்லாண்டு கழிந்த பின்னரே அதனை முறையாகப் படித்தேன். படித்தபின் தோன்றியது இது: ரீகன் பொய் சொல்லவில்லை, ஆயினும் பாதியே சொன்னார்.

ஹிஜ்ரி 732, அதாவது 1332-இல் தூனிஸ் நகரில் பிறந்த அல்லாமா இப்னு கல்தூன் (ரஹ்) அவர்கள் ஏட்டறிவு மட்டும் கொண்டு வரியைப் பற்றி எழுதியவர்கள் அல்லர். இளமையிலேயே கொள்ளைநோய்க்குப் பெற்றோரைப் பறிகொடுத்தார்கள். பாஸ், கிரானடா, பிஜாயா எனப் பல அரசவைகளில் பணியாற்றினார்கள். பாஸில் சிறையும் கண்டார்கள். பிஜாயாவில் ஹாஜிபாக இருந்தபோது, வரி கொடுக்க மறுத்த பர்பர் குலத்தாரின் மலைகளுக்குத் தாமே சென்று வசூலித்து வந்ததைத் தம் தன்வரலாற்றில் அவர்களே குறித்துள்ளார்கள். பின்னர் அரசவை வாழ்வினின்று ஒதுங்கி, இன்றைய அல்ஜீரியாவிலுள்ள இப்னு ஸலாமா கோட்டையில் தங்கி, 1377-இல் 'முகத்திமா'வை எழுதி முடித்தார்கள். கெய்ரோவில் மாலிகி மத்ஹபின் காழியாக விளங்கி 1406-இல் மறைந்தார்கள்.

வரி பற்றிய அத்தியாயத்தில் இரு சொற்களை ஊன்றி நோக்க வேண்டும். 'வஸீஆ' என்பது ஒவ்வொருவர் மீதும் சுமத்தப்படும் தனி விதிப்பு. 'ஜும்லா' என்பது அவையனைத்தும் சேர்ந்து கருவூலத்தை அடையும் மொத்தம். இவ்விரண்டும் ஒரே திசையில் செல்ல வேண்டியதில்லை என்பதே அல்லாமா அவர்கள் கண்ட உண்மை. மார்க்க நெறியில் எழுந்த அரசு, ஸதக்கா, கராஜ், ஜிஸ்யா என ஷரீஅத் வரையறுத்தவற்றோடு நின்றுகொள்ளும். குலப்பற்றாலும் வலிமையாலும் எழுந்த அரசும் தொடக்கத்தில் எளிமையோடிருக்கும். பிறர் பொருளில் கைவைக்கக் கூசும். விதிப்புக் குறைவாதலின் மக்கள் ஊக்கத்தோடு உழைப்பர். உழைப்போர் பெருகப் பெருக மொத்தமும் பெருகும். தலைமுறைகள் செல்ல, அரசவையில் ஆடம்பரம் புகும். பரிவாரமும் படைச்செலவும் வளரும். அதற்கு ஈடாக உழவர் மீதும் வணிகர் மீதும் வரி ஏறும். அது சிறிது சிறிதாக ஏறுவதால், கூட்டியவர் இன்னார் என்பதே தெரியாமல் மக்களுக்குப் பழகிப்போகும் என்றொரு நுட்பமும் சொல்கிறார்கள். இறுதியில், தன் வரவையும் கொடுப்பதையும் ஒப்பிட்டுப் பார்க்கும் உழைப்பாளி, மிஞ்சுவது சொற்பமெனக் கண்டு கையை மடக்கிக்கொள்வான். மொத்தம் சரியும். அரசனோ விதிப்புப் போதவில்லை என்றெண்ணி மேலும் கூட்டுவான், நாடு பாழ்படும். உழைப்போர் மீதான விதிப்பை இயன்றவரை குறைப்பதே நாட்டை வளர்க்கும் வலிய வழி என்றும் அவர்கள் தெளிவாகவே கூறுகிறார்கள். இந்த அளவில் ரீகனின் கூற்றுச் சரியே.

அமெரிக்காவில் இக்கருத்தைக் கைக்கொண்டோரைச் செவ்வியல் லிபரல்கள் என்பர். லிபரல் என்னும் சொல்லில் ஒரு குழப்பம் உண்டு. ஐரோப்பாவில் அது, தனிமனித உரிமையும் சொத்துரிமையும் தடையற்ற வாணிபமும் வேண்டி, அரசின் கையைக் கட்ட விரும்பியவரைக் குறித்தது. அமெரிக்காவிலோ, 1933-இல் பதவியேற்ற ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் பொருளாதார மந்தத்தைப் போக்க அரசின் பணிகளை விரித்த நாள் தொட்டு, அக்கையை நீட்ட விரும்புவோர்க்கே அப்பெயர் வழங்கலாயிற்று. லுகத்தில் ஒரு பொருளும் இஸ்திலாஹில் வேறொரு பொருளும் கொண்ட சொற்களை ஓதிப் பழகிய நமக்கு இது வியப்பன்று. பழைய கொள்கையினர் 'செவ்வியல்' என்னும் அடைமொழியைச் சேர்த்துக்கொள்ள நேர்ந்தது. 1974-இல் நோபல் பரிசு பெற்ற ஹயெக்கும், 1976-இல் பெற்ற மில்டன் ஃபிரீட்மனும் அவ்வணியின் பெரியோர்.

அதே 1974-இல் வாஷிங்டன் உணவகம் ஒன்றில் ஆர்தர் லாஃபர் என்னும் பொருளியலார், வரிவிகிதம் ஏற ஏற வருவாய் உயர்ந்து பின் சரிவதைக் கைதுடைக்கும் துவாலையில் வளைகோடாக வரைந்து காட்டினார் என்பர். உடனிருந்த பத்திரிகையாளர் ஜூட் வானிஸ்கி 1978-இல் அதற்கு லாஃபரின் பெயரையே சூட்டி எழுதினார். லாஃபரோ அது தம் கண்டுபிடிப்பன்று, இப்னு கல்தூனிடமே உள்ளது என்று எழுதியவர். அந்த நேர்மையைப் பாராட்ட வேண்டும். ஆனால் எந்த விகிதத்தில் அக்கோடு திரும்பும் என்பதை அந்தப் படமும் சொல்லாது, 'முகத்திமா'வும் சொல்லவில்லை.

இனி, நடந்ததைப் பார்ப்போம். 1981 ஆகஸ்டில் ரீகன் கையெழுத்திட்ட சட்டம், தனிநபர் வருமானவரியின் உச்ச விகிதத்தை நூற்றுக்கு 70-இலிருந்து 50 ஆக்கியது. 1986-ஆம் ஆண்டுச் சட்டம் அதனை 28-க்கு இறக்கியது. வஸீஆ குறைந்தது, படைச்செலவோ ஏறியது. 1980-இல் ஏறத்தாழ 13,400 கோடி டாலராக இருந்த இராணுவச் செலவு, 1988-இல் ஏறத்தாழ 29,000 கோடியை எட்டியது. 1983-க்குப் பின் நாட்டின் தொழில் விரைந்து வளர்ந்ததை மறுக்க இயலாது. ஆயினும் குறைத்த வரி தன் இழப்பைத் தானே ஈடுசெய்யவில்லை. 1982-இலேயே சில வரிகளை மீண்டும் உயர்த்த நேர்ந்தது. 1981-இல் ஏறத்தாழ 1 இலட்சம் கோடி டாலராக இருந்த நாட்டுக்கடன், 1988-இல் 2.6 இலட்சம் கோடியாயிற்று. 1980-இல் கட்சிக்குள் ரீகனை எதிர்த்து நின்ற ஜார்ஜ் புஷ் இக்கொள்கையைச் சூனியக்காரர் பொருளாதாரம் என எள்ளினார். பின்னர் அவருக்கே துணை ஜனாதிபதியாகி வாய்மூடிக்கொண்டார்!

அல்லாமா அவர்களின் தர்க்கத்தில் செலவே காரணம். வரியுயர்வு அதன் விளைவு. விளைவை வெட்டிவிட்டுக் காரணத்தை வளரவிட்டால் என்னாகும் என்பதற்கு ரீகனின் எட்டாண்டுகள் உரையாக அமைந்தன. அரசு எவ்வளவு செலவிடுகிறதோ அதுவே மக்கள் மீதான மெய்யான வரி என்று ஃபிரீட்மன் வற்புறுத்தி வந்தார். இந்த ஓரிடத்தில் அவர் லாஃபரைவிட நம் அல்லாமாவுக்கு நெருங்கியவர்.

அடுத்தடுத்த அத்தியாயங்களையும் வாசிக்க வேண்டும். அரசன் தானே வாணிபத்தில் இறங்கினால் குடிகளும் கெடுவர், வரியும் குன்றும் என்கிறது ஒன்று. செவ்வியல் லிபரல்கள் இதனைக் கண்டால் அகமகிழ்வர். அரசே நாட்டின் மிகப்பெரிய சந்தை. அது பணத்தை முடக்கிக் கொடைகளைக் குறைத்தால் ஏனைய சந்தைகளும் வாடி, வரியும் குன்றும் என்கிறது மற்றொன்று. இதனை ரூஸ்வெல்ட்டின் ஆட்கள் தம் பக்கம் இழுத்துக்கொள்ளலாம். அநீதி பற்றிய அத்தியாயத்தில், பாரசீக மன்னன் பஹ்ராமுக்கு அவனது சமயத் தலைவர் உரைத்த ஆந்தைக் கதை வருகிறது. மணம் பேசவந்த ஆண் ஆந்தையிடம் பெண் ஆந்தை பாழடைந்த ஊர்கள் இருபது கேட்டதாம்; இம்மன்னன் ஆட்சி நீடித்தால் ஆயிரமே தருகிறேன் என்றதாம் ஆண் ஆந்தை. உழவரிடமிருந்து நிலத்தைப் பிடுங்கி அரசவைச் செல்வாக்குள்ளவர்க்குக் கொடுத்ததே அப்பாழுக்குக் காரணம். எந்த ஜனாதிபதியும் இந்த அத்தியாயத்தைப் பத்திரிகையாளரிடம் எடுத்துரைத்ததாக நான் படித்ததில்லை.

லாஃபரின் கோடு ரீகனோடு முடியவில்லை. கான்சாஸ் மாநிலம் 2012-இல் அவர் ஆலோசனையோடு வருமானவரியைக் குறைத்து, பற்றாக்குறை தாங்காது 2017-இல் அதனைக் கைவிட்டது. அதே 2017-இல் நடுவணரசு கம்பெனிகள் மீதான வரியை 35-இலிருந்து 21 விழுக்காடாக்கியது. 2019-இல் ஜனாதிபதி டிரம்ப் லாஃபருக்கு உயரிய குடிமக்கள் விருதை அளித்தார். 2024 நவம்பரில் நாட்டுக்கடன் 36 இலட்சம் கோடி டாலரைக் கடந்தது. அவ்வாண்டில் அதற்குக் கட்டிய வட்டி இராணுவச் செலவையும் விஞ்சியது. தளரும் அரசுகள் பணத்துக்கு நாடும் வழிகளை அல்லாமா அவர்கள் ஒவ்வொன்றாகச் சொல்கிறார்கள்: புதிய வரிகள், சந்தைச் சுங்கம், அரசனின் வாணிபம், அதிகாரிகளின் சொத்தைப் பறித்தல். பிறவாத பேரர்களின் பெயரில் கடன் வாங்குதல் அவற்றுள் இல்லை.